56 வயதில் இணையத்தில் துணை தேடுவது எப்படி?

கேள்வி: எனக்கு 56 வயது, திருச்சியில் வசிக்கிறேன். என் கணவர் மாநில அரசு ஊழியர். அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது, குடும்ப ஓய்வூதியம் வருகிறது. அவர் பெயரில் இருந்த வீடு இப்போது எனக்கும் என் ஒரே மகளுக்கும் உரியது. மகள்தான் ஒரு திருமணத் தளத்தில் என்னைப் பதிவு செய்தாள். மூன்று வாரமாக ஒருவர் பேசுகிறார். மனைவியை இழந்தவராம், ஸ்காட்லாந்துக்கு அருகே கடலில் எண்ணெய்க் கிணற்றில் இன்ஜினியராம். தினமும் காலையில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிறார். அந்த விசாரிப்பு மனதுக்கு இதமாக இருக்கிறது. அங்கே நெட் சரியில்லை என்று வீடியோ காலுக்கு மட்டும் வருவதில்லை. என் பிறந்த நாளுக்குப் பரிசுப் பார்சல் அனுப்பியிருக்கிறாராம். நம்பலாமா? மறுமணம் செய்தால் பென்ஷனும் வீடும் போய்விடும் என்று நாத்தனார் சொல்வது உண்மையா?

பதில்: முதலில் அந்தப் பார்சல், ஏனென்றால் அதற்குத்தான் நேரமில்லை. அடுத்த சில நாட்களில் உங்களுக்கு ஒரு போன் வரும். பேசுபவர் டெல்லி அல்லது மும்பை விமான நிலையச் சுங்கத்துறை என்பார். பார்சலில் நகையும் வெளிநாட்டுப் பணமும் இருக்கிறது, வரியாக முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ கட்ட வேண்டும் என்பார். கட்டியதும் அபராதம், பிறகு பணமோசடி வழக்கு வராமலிருக்க ஒரு சான்றிதழ் என்று தொகை ஏறிக்கொண்டே போகும். கட்டவில்லை என்றால் கைது என்று மிரட்டல் வரும். இன்ஜினியர் அழுதபடி "கட்டிவிடு, நான் வந்ததும் தருகிறேன்" என்பார். பார்சலும் இருக்காது, இன்ஜினியரும் இருக்கமாட்டார். இரண்டு குரலும் பெரும்பாலும் ஒரே கும்பலைச் சேர்ந்தவை.

எண்ணெய்க் கிணறு, கப்பல், வெளிநாட்டு ராணுவ முகாம் என்று இவர்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நேரில் வர முடியாததற்கும், கேமராவில் முகம் காட்டாததற்கும், அவசரத்துக்குப் பணம் கேட்பதற்கும் அந்த ஒரே வேலை சாக்காகிவிடுகிறது. மனைவியை இழந்தவர் என்று சொல்வதும் உங்கள் விவரப் பக்கத்தைப் படித்த பிறகுதான். காலை விசாரிப்பு உங்களுக்கு இதமாக இருந்ததில் தவறே இல்லை. ஆறு வருடம் யாரும் கேட்காத கேள்வி அது. அதைத் தெரிந்துகொண்டுதான் கேட்கிறார்கள்.

சுங்கத்துறை தனிநபர் வங்கிக் கணக்குக்கோ யுபிஐ எண்ணுக்கோ வரி கட்டச் சொல்லாது. அது அனுப்பும் கடிதத்தில் ஆவண அடையாள எண் ஒன்று இருக்கும். மத்திய மறைமுக வரி வாரியத்தின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் கடிதம் உண்மையா என்று தெரிந்துவிடும். வீடியோ காலில் அதிகாரி வேடத்தில் வந்து "உங்களைக் கைது செய்திருக்கிறோம்" என்று மிரட்டுவார்கள்; அந்த "டிஜிட்டல் கைது" எந்தச் சட்டத்திலும் கிடையாது.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். அவருடைய படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். வேறு பெயரில், வேறு நாட்டில் அதே முகம் வந்தால் விஷயம் முடிந்தது. வராவிட்டாலும் அவர் நல்லவர் என்று ஆகாது. கணினி உருவாக்கிய முகங்கள் பெரும்பாலும் தேடலில் சிக்குவதில்லை. "இன்று மாலை ஐந்து நிமிடம் வீடியோவில் வாருங்கள், இல்லையென்றால் பேச்சு இத்தோடு நிற்கும்" என்று ஒரே முறை எழுதுங்கள். வந்தால், முகத்தை முழுதாகப் பக்கவாட்டில் திருப்பச் சொல்லுங்கள், கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள். போலி முகம் பெரும்பாலும் அந்த இரண்டு இடத்தில்தான் கலங்கும். மறுத்தாலோ கோபித்தாலோ, உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு, தளத்தில் புகார் கொடுத்து, எண்ணை பிளாக் செய்துவிடுங்கள். எடுத்து வைப்பதற்கு முன் அழித்துவிடாதீர்கள்.

ஏற்கெனவே பணம் போயிருந்தால் வெட்கப்பட்டுக் காத்திருக்க வேண்டாம். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் தகவல் போனால் முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம், மறுநாள் என்றால் மிகக் குறைவு. பரிவர்த்தனை எண், தேதி, நேரம், தொகை நான்கையும் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். வங்கிக்கும் அன்றே சொல்லுங்கள்.

பார்சலைப் போலவே இன்னொரு வலையும் இருக்கிறது. இரண்டு மாதம் அன்பாகப் பேசிவிட்டு, "நான் பங்குச்சந்தையில் இப்படித்தான் சம்பாதிக்கிறேன்" என்று ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். முதலில் போட்ட ஐயாயிரம் ஆறாயிரமாகக் கையில் திரும்பி வரும், அது தூண்டில். ஐந்து லட்சம் போட்ட பிறகு எடுக்கவே முடியாது. துணை தேடும் இடத்தில் முதலீட்டுப் பேச்சு எடுப்பவர் யாராக இருந்தாலும் அன்றே விலகிவிடுங்கள்.

இந்த ஒருவரால் இணையமே வேண்டாம் என்று நினைக்காதீர்கள். உறவுக்குள் சொல்லி வைத்தால் ஊர்வாய்க்குப் பயந்து பாதிப் பேர் தேடவே மாட்டார்கள். ஐம்பது கடந்தவருக்கு இணையம் திறக்கும் கதவு மிகப் பெரியது. டேட்டிங் செயலிகளைவிடத் திருமணத் தளங்களின் மறுமணப் பிரிவு உங்களுக்குப் பொருந்தும். திருச்சி போன்ற ஊரில் உங்கள் வயதுக்காரர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். 2016 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்படி, திருமணத் தளங்கள் பயனரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும். ஆனால் "சரிபார்க்கப்பட்டது" என்ற முத்திரை பெரும்பாலும் போன் எண்ணையோ அடையாள அட்டையையோ பார்த்ததாகத்தான் பொருள். மனைவி இறந்தது உண்மையா, சம்பளம் உண்மையா என்று யாரும் பார்ப்பதில்லை. பணம் கட்டுவதென்றால் இருப்பதிலேயே குறுகிய காலத் திட்டமாக எடுங்கள். "ஸ்பெஷல் ஆபர்" என்று ஒரு வருடத்துக்குக் கட்ட வைக்கும் விற்பனைப் பேச்சுக்கு மயங்க வேண்டாம். வரன் தேடலில் வயது வரம்பு போட்டுத்தான் பார்ப்பார்கள் என்பதால், வயதைக் குறைத்துப் போட்டு மேலே வரலாம் என்று தோன்றும். வேண்டாம். முதல் பொய் அதுவாகிவிடும்.

உங்கள் பக்கத்தை மகள் எழுதியிருந்தால் நீங்களே மாற்றி எழுதுங்கள். "அன்பான, குடும்பப் பாங்கான" என்று எல்லோரும் எழுதுவதால் அது கண்ணில் படுவதே இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "காலை ஐந்தரைக்கு எழுந்து நடப்பேன். சைவம். ஆறு வருடம் முன் கணவரை இழந்தேன், ஒரு மகள் இருக்கிறாள். திருச்சியை முழுதாக விட்டு வர முடியாது, மாதத்தில் பத்து நாள் வேறு ஊரில் இருக்க முடியும். அவசரமில்லை." இந்த ஐந்து வரியைப் படித்துப் பலர் விலகிப் போவார்கள். போகட்டும், ஊர் மாறும் பேச்சில் ஆறு மாதம் கழித்து முறிவதைவிட அது நல்லது. ஓய்வூதியத் தொகை, வீடு யார் பெயரில், தனியாக இருக்கிறீர்கள் என்பது, இந்த மூன்றும் பக்கத்தில் இருக்கவே கூடாது. படம் மூன்று போதும், கடந்த ஒரு வருடத்தில் பகல் வெளிச்சத்தில் எடுத்தவை. பின்னால் வீட்டுப் பெயர்ப்பலகையோ ஸ்கூட்டர் நம்பரோ தெரியக் கூடாது. இந்தத் தேடலுக்கென்று தனியாக ஒரு சிம் வாங்கிக்கொள்ளுங்கள். வங்கியோடு இணைந்த எண் அந்நியர் கையில் போகாமல் இருக்கும்.

எழுத்தில் பேசிப் பேசி நெருக்கத்தை வளர்க்காதீர்கள், இதுதான் எல்லோரும் செய்யும் பெரிய தவறு. மூன்று மாதம் வாட்ஸ்அப்பில் பேசினால், எதிரில் இருப்பவரை நம் மனமே உருவாக்கிவிடும். ஒரு வாரத்துக்குள் குரல், பத்து நாளுக்குள் வீடியோ, ஒரு மாதத்துக்குள் நேரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சந்திப்பு காலை பத்து மணிக்கு, கூட்டமுள்ள ஓட்டலில், ஒரு மணி நேரம். அவர் வண்டியில் ஏற வேண்டாம். உங்கள் வண்டியிலோ ஆட்டோவிலோ போய்த் திரும்புங்கள். எங்கே, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று மகளுக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். மூன்றாவது சந்திப்புக்குள் அவர் பிள்ளைகளில் ஒருவரையாவது பார்த்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தெரியாமல் வைத்திருக்கிறார் என்றால் ஏன் என்று கேளுங்கள்.

எதைக் கேட்பது என்று தெரியாமல் பிடித்த பாட்டு, போன கோயில் என்று பேசிவிட்டு வந்துவிடுவோம். வீட்டில் இப்போது சமையல் யார் என்று கேளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய சிகிச்சை ஏதும் உண்டா, மருத்துவக் காப்பீடு இருக்கிறதா, கடன் என்ன, யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். உங்கள் பதில்களையும் அதேபோல் சொல்லுங்கள். படுக்கையில் விழுந்தால் பார்த்துக்கொள்ள யார் என்ற கேள்விக்கு "அதுக்குத்தானே கல்யாணம்" என்று பதில் வந்தால், அவர் தேடுவது சம்பளமில்லாத நர்ஸ். இந்த வயதில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது இயல்பு. ஆனால் அது இரண்டு பக்கமும் இருக்க வேண்டும், ஆள் வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டோடும் இருக்க வேண்டும்.

மனம் ஒத்துப்போனால் காகிதம் பாருங்கள். மனைவியை இழந்தவர் என்றால் இறப்புச் சான்றிதழ். விவாகரத்தானவர் என்றால் நீதிமன்றத் தீர்ப்பின் சான்றிட்ட நகல். "பிரிந்து வாழ்கிறோம்", "ஊர்ப் பஞ்சாயத்தில் முடித்துவிட்டோம்" என்பதெல்லாம் பெரும்பாலும் விவாகரத்து ஆகாது. இந்து திருமணச் சட்டத்தில் மேல்முறையீட்டுக் காலம் 90 நாள். அது முடிவதற்குள் அவர் மறுமணம் செய்யக் கூடாது. நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண்ணைப் போட்டால் தீர்ப்பு உண்மையா, மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். முதல் திருமணம் உயிரோடு இருந்தால் உங்கள் திருமணம் செல்லாது. பத்திரங்களை நீட்டத் தயங்காதவர் உங்களிடமும் கேட்பார், கணவரின் இறப்புச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நாத்தனார் சொன்னது. பென்ஷன் விஷயத்தில் அவர் சொல்வது சரி. தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளின்படி, குடும்ப ஓய்வூதியம் இறப்பு வரை அல்லது மறுமணம் வரை, எது முன்னதோ அதுவரைதான். வருங்கால வைப்பு நிதி (இபிஎஃப்) ஓய்வூதியத்திலும் அப்படியே. மத்திய அரசு ஊழியரின் மனைவிக்குக் குழந்தை இல்லையென்றால், வருமான வரம்புக்கு உட்பட்டு மறுமணத்துக்குப் பிறகும் தொடரும் என்ற விலக்கு உண்டு. உங்களுக்கு அது பொருந்தாது. திருமணம் செய்துகொண்டு "மறுமணம் செய்யவில்லை" என்ற உறுதிமொழியில் கையெழுத்துப் போடும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தெரிய வந்தால் வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். ஆகவே முடிவுக்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள்: மாதம் நிற்கப்போகும் தொகை எவ்வளவு, அது இல்லாமல் உங்களுக்கென்று என்ன வருமானம், அவர் உங்கள் பெயரில் என்ன ஏற்பாடு செய்வார். இந்தக் கணக்கைப் பேசக் கூச்சப்படும் மனிதரோடு வேறு எதைப் பேச முடியும்?

வீடு விஷயத்தில் நாத்தனார் சொல்வது தவறு. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்றால், விதவை மறுமணத்தை அனுமதித்த 1856-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, மறுமணம் செய்தால் இறந்த கணவர் சொத்தில் உரிமை போய்விடும் என்று ஒரு பிரிவு இருந்தது. 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு மனைவிக்கு வந்த பங்கு அவளுடைய முழுச் சொத்து. பழைய சட்டம் 1983-இல் நீக்கப்பட்டே விட்டது, பேச்சு மட்டும் வீடுகளில் நிற்கிறது. கணவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால் மனைவி, பிள்ளைகள், அவருடைய தாயார் ஆகியோருக்குச் சம பங்கு. உங்கள் மாமியார் அப்போது உயிரோடு இருந்தாரா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு வரக்கூடிய கவலை வேறு. மறுமணத்துக்குப் பிறகு நீங்கள் உயில் எழுதாமல் இறந்தால், உங்கள் பங்கில் மகளும் புதுக் கணவரும் சரிபாதி வாரிசுகள். பிள்ளைகள் மறுப்பதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்கு இருக்கும், வாய் திறந்து சொல்லமாட்டார்கள். உயில் எழுதினால் தீர்ந்துவிடும். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால் இன்னும் உறுதி. கிறிஸ்தவ வாசகர்கள் கவனிக்க: 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின்படி, திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு ரத்தாகிவிடும். திருமணத்துக்குப் பிறகுதான் எழுத வேண்டும். உயிலுக்குப் பதிலாக வீட்டை இப்போதே மகள் பெயருக்கு மாற்றி எழுதும் எண்ணம் இருந்தால், வாழ்நாள் அனுபவ உரிமையை, அதாவது உயிரோடு இருக்கும் வரை அங்கே வசிக்கும் உரிமையை, உங்களுக்கு வைத்துக்கொள்ளாமல் செய்யாதீர்கள். திருமணம் சரியாக அமையாவிட்டால் திரும்பி வர உங்களுக்கு அந்த வீடு வேண்டும்.

பென்ஷனுக்காகத் திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழலாமா என்று சிலர் கேட்கிறார்கள். சட்டம் அதைக் குற்றமாகப் பார்ப்பதில்லை. 2010-இல் வேலுசாமி - பச்சையம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம், இருவரும் திருமணத் தகுதி உள்ளவர்களாக, கணவன் மனைவியாகவே உலகம் அறிய குறிப்பிடத்தக்க காலம் சேர்ந்து வாழ்ந்தால், 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்றது. ஆனால் வாரிசுரிமையை அதை வைத்து எதிர்பார்க்க முடியாது. அந்த வழியில் போனால் இருவருமே உயில் எழுதியாக வேண்டும்.

திருமணம்தான் என்று முடிவானால், நாதஸ்வரமும் மண்டபமும் வேண்டியதில்லை. இருவரும் இந்துக்கள் என்றால், 1967-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி உறவினர், நண்பர்கள் முன் மாலை மாற்றிக்கொண்டாலோ மோதிரம் அணிவித்தாலோ போதும், புரோகிதர் கட்டாயமில்லை. 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். மதம் வேறு என்றால் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். உங்களில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்பு கொடுத்து 30 நாள் காத்திருந்து, மூன்று சாட்சிகளோடு போக வேண்டும்; அறிவிப்பு கொடுத்த மூன்று மாதத்துக்குள் திருமணம் முடிய வேண்டும். அந்த அறிவிப்பு அலுவலகப் பலகையில் ஒட்டப்படும், ஆகவே உறவுகளுக்கு வேறு யாரோ சொல்லித் தெரியும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். இருவரின் வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படங்களோடு, முந்தைய துணையின் இறப்புச் சான்றிதழ் அல்லது விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகலையும் எடுத்துப் போங்கள். அது இல்லாமல் வந்து திரும்பிப் போகிறவர்கள் நிறைய.