சாதாரண ஆட்டக்காரர்கள் எழுதும் வெட்ஜ் விமர்சனங்களை நம்பி, கொடைக்கானலில் கோல்ஃப் ஆடுவதற்கு ஒன்றை வாங்கலாமா?

கேட்டவர் கொடைக்கானலில் வார இறுதிகளில் கோல்ஃப் ஆடுகிறவர். ஹேண்டிகேப், அதாவது ஒரு சுற்றில் நிர்ணயித்த அடிகளைவிடக் கூடுதலாக எடுக்கும் அடிகளின் கணக்கு, இருபதுக்கு மேல். கையிலிருக்கும் சாண்ட் வெட்ஜ், அதாவது மணலிலிருந்தும் புல்லிலிருந்தும் குறுந்தூரத்துக்குப் பந்தைத் தூக்கி அடிக்கும் வெட்ஜ் வகை மட்டை, தேய்ந்துவிட்டது. புதிய வெட்ஜ்களை நிறுவனங்கள் இப்போது சாதாரண ஆட்டக்காரர்களிடம் கொடுத்துச் சில வாரங்கள் ஆட வைத்து எழுதச் சொல்கின்றன. அவற்றைப் படித்துவிட்டு ஒன்றை வரவழைக்கலாமா என்பது அவருடைய கேள்வி.

வரவழைக்கலாம். ஆனால் அந்த விமர்சனங்களில் முக்கால்வாசி வெட்ஜின் முகத்தை, அதாவது பந்தில் படும் பகுதியைப் பற்றித்தான் பேசும். சுழற்சி எவ்வளவு, முகத்தில் வெட்டிய கோடுகள் எவ்வளவு கூர்மை, பந்து கிரீனில் (குழியைச் சுற்றிய ஒட்ட வெட்டிய புல்தளத்தில்) விழுந்து எப்படிப் பின்னால் வந்தது, இப்படி. நம் மலையில் ஆடுகிறவருக்கு வேண்டிய செய்தி வெட்ஜின் அடிப்பாகத்தில் இருக்கிறது. அதைப் பற்றி எழுதியவர் எவரோ அவரை மட்டும் கவனமாகப் படியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொழில்முறை ஆட்டக்காரர்களின் பாராட்டைவிடச் சாதாரண மனிதரின் விமர்சனம் நமக்குப் பயன்படும் என்பதே என் கட்சி. தொழில்முறைக்காரர் பந்தை எப்போதும் முகத்தின் ஒரே இடத்தில் சந்திக்கிறார். அவருக்கு எந்த வெட்ஜும் நல்ல வெட்ஜ்தான். நாம் ஒரு முறை பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மண்ணைத் தோண்டுவோம், அடுத்த முறை பந்தின் வயிற்றில் விளிம்பால் வெட்டிக் கிரீனுக்கு அப்பால் அனுப்புவோம். அந்தத் தவறுகளின்போது வெட்ஜ் என்ன செய்தது, எவ்வளவு மன்னித்தது என்பதை நம்மைப் போன்றவர்தான் எழுத முடியும். துயரம் என்னவென்றால், எழுத வருகிறவர்கள் தங்கள் நல்ல ஷாட்டுகளை மட்டும் எழுதுகிறார்கள். இலவசமாகக் கிடைத்த பொருளைக் குறை சொல்ல நம்மில் எத்தனை பேருக்கு மனம் வரும்?

சுழற்சிப் புகழ்ச்சியை ஏன் ஒதுக்கச் சொல்கிறேன் என்றால், அதில் பாதி வெட்ஜின் சாதனையே இல்லை. விமர்சகர் புதிய வெட்ஜை ஒப்பிடுவது தன் பையில் பல வருடம் மணலைத் தின்று கோடுகள் மழுங்கிப்போன பழைய வெட்ஜோடு. எந்த நிறுவனத்தின் புதிய வெட்ஜைக் கொடுத்தாலும் அந்தப் பழையதைவிடப் பந்தை அதிகமாகச் சுழற்றத்தான் செய்யும். 2010 ஜனவரி 1 முதல் தயாரிக்கப்படும் வெட்ஜ்களுக்குக் கோடுகளின் கொள்ளளவும் விளிம்புக் கூர்மையும் இவ்வளவுதான் என்று கோல்ஃப் விதிகளை வகுக்கும் அமைப்புகளான அமெரிக்காவின் யுஎஸ்ஜிஏவும் பிரிட்டனின் ஆர் அண்ட் ஏவும் எல்லை வகுத்துவிட்டன. பெரிய நிறுவனங்கள் எல்லாம் அந்த எல்லையை ஒட்டியே வேலை செய்கின்றன. புதிதையும் புதிதையும் காய்ந்த புல்லில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் அற்பம். போதாததற்கு விமர்சகர் யூரித்தேன் உறை போட்ட விலை உயர்ந்த பந்தால் அடித்திருப்பார். நாம் புதரில் பொறுக்கிய கடினமான பந்தால் அடிப்போம். அவருக்கு நின்ற பந்து நமக்கு உருண்டோடும்.

இன்னொன்று, செயற்கைப் பாய் மேல் அடித்துக் கணக்கெடுத்த விமர்சனங்கள். பாயில் பந்துக்குப் பின்னால் அடித்தாலும் வெட்ஜ் வழுக்கி முன்னேறிப் பந்தை ஒழுங்காகவே தூக்கிவிடும். திரையில் எண்கள் அழகாக வரும். அதே வீச்சு மழை ஊறிய மண்ணில் வெட்ஜைப் புதைத்துவிடும். பாய் மேல் சோதித்தவரிடம் அடிப்பாகத்தைப் பற்றிச் சொல்ல எதுவும் இருக்காது.

அடிப்பாகம் அப்படி என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரசனை நினைவூட்டுவேன். 1930களின் தொடக்கத்தில் அவர் தன் நிப்ளிக் என்ற பழைய வகை மட்டையின் அடியில் ஈயத்தைப் பற்றவைத்து, பின்புறம் முன்விளிம்பைவிடத் தாழ்ந்து நிற்கும்படி செய்தார். விமானம் எழும்பும்போது வால்பகுதி தாழ்வதைப் பார்த்து வந்த யோசனை என்று அவரே சொல்லியிருக்கிறார். 1932இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றபோது அந்த மட்டை அவர் பையில் இருந்தது. மணலில் தோண்டிக்கொண்டு போகாமல் வழுக்கிக்கொண்டு வெளியேறியது. இன்றைய சாண்ட் வெட்ஜுக்கு அதுதான் மூலம். அவர் கை வைத்த இடம் அடிப்பாகம். முகத்தை அவர் தொடவில்லை.

அந்தத் தாழ்வைத்தான் பவுன்ஸ் என்கிறோம். வெட்ஜைத் தரையில் வைத்தால் முன்விளிம்பு தரையிலிருந்து சற்று உயர்ந்து நிற்கும் அல்லவா, அந்தக் கோணம். 4 முதல் 6 டிகிரி என்றால் குறைவு, 10க்கு மேல் என்றால் அதிகம். டைட்லிஸ்ட் நிறுவனத்தின் வோக்கி எஸ்எம்10 வரிசையில் முகம் 56 டிகிரி சாய்ந்த வெட்ஜ் ஒன்றுக்கே 8, 10, 12, 14 என்று நான்கு பவுன்ஸ்கள் உண்டு. எண் ஒன்று, பெயர் ஒன்று, ஆனால் மண்ணில் இறங்கினால் நான்கும் நான்கு விதமாக நடந்துகொள்ளும். ஆகவே ‘56 டிகிரி பிரமாதம்’ என்று மட்டும் எழுதி எந்தப் பவுன்ஸ் என்று சொல்லாத விமர்சனத்தை அந்த வரியிலேயே மூடிவிடலாம்.

இனி நம் தரைக்கு வருவோம். கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895இல் தொடங்கியது. ஏழாயிரம் அடி உயரம், சரிவு, மூடுபனி. நீலகிரி, பழனி மலைகள் இரண்டிலும் பரவிக் கிடப்பது கிக்கியூ புல். கென்ய மலைநாட்டிலிருந்து வந்தது. தரைக்கு மேலும் கீழும் கொடி ஓட்டிப் பாயாகப் பின்னிக்கொள்ளும். வெட்டிய ஃபேர்வேயில் (ஆடுபாதையில்) பந்தைத் தூக்கி வைத்துக்கொடுக்கும் நல்ல புல்தான். கிரீனைச் சுற்றி அது நீளமாக இருக்கும்போதுதான் சோதனை. வெட்ஜின் கழுத்தைப் பிடித்து முறுக்கி முகத்தை இடப்பக்கம் மூடிவிடும். மேட்டில் ஒரு முறை குத்தித் தவழ்ந்து ஏறட்டும் என்று தாழ்வாக அனுப்பும் பந்தைக் குத்திய இடத்திலேயே நிறுத்தி வைத்துக்கொள்ளும். லாஸ் ஏஞ்சல்ஸின் ரிவியேரா மைதானத்தில் இதே புல்தான்; அங்கே உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர்களே இதனிடம் மாட்டிக்கொண்டு விழிப்பதைத் தொலைக்காட்சியில் பார்க்கலாம். ஸ்காட்லாந்தின் கடலோரக் கட்டாந்தரையில் சோதித்த ஒருவர் குறைந்த பவுன்ஸைக் கொண்டாடுவார். அவர் சொல்வது அவர் ஊருக்குச் சரி.

ஐப்பசி மழை இரண்டு நாள் கொட்டி ஓய்ந்த ஒரு காலையில் இதை நேரிலேயே பார்த்தோம். எங்கள் நால்வரில் ஒருவர் மருத்துவர். அவர் நிறைய விமர்சனங்களைப் படித்து 8 பவுன்ஸ் உள்ள 56 டிகிரி வெட்ஜை வரவழைத்திருந்தார். என்னுடையது அதே லாஃப்ட் (முகத்தின் சாய்வு), பவுன்ஸ் 14. கிரீனுக்குக் கீழே, கணுக்கால் தொடும் புல்லில், ஏறுசரிவில் பந்துகளைப் போட்டு இருவரும் மாற்றி மாற்றி அடித்தோம். அவருடைய வெட்ஜ் பந்துக்கடியில் சுத்தமாக நுழைந்துவிட்டது. பந்து முகத்தின் மேல்விளிம்பில் பட்டு ஒரு முழம் எழும்பி அங்கேயே விழுந்தது. சரிவில் கொஞ்சம் பின்னால் பட்டபோது முன்விளிம்பு மண்ணுக்குள் போய் நின்றுகொண்டது. மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது. 14 பவுன்ஸ் வெட்ஜும் பின்னால்தான் பட்டது. ஆனால் புல்லைச் சீவிக்கொண்டு தொடர்ந்து நகர்ந்தது. பந்து குழியருகே போகவில்லை என்றாலும் கிரீனில் ஏறியது.

எங்களோடு பையைச் சுமந்து வரும் கேடி அண்ணன் அதுவரை வாய் திறக்கவில்லை. டாக்டரின் வெட்ஜை வாங்கித் துண்டால் மண்ணைத் துடைத்துக்கொண்டே, “சார், இது வெட்டுகிறது. அவருடையது வழுக்குகிறது. உங்கள் அடிக்கு வழுக்குகிறதுதான் சார் சரி” என்றார். “என் அடியில் என்ன குறை?” என்றார் டாக்டர். “குறை ஒன்றும் இல்லை சார். கொஞ்சம் மேலேயிருந்து கொத்துகிறீர்கள்” என்று பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். அவ்வளவு எண்களையும் படங்களையும் பார்த்த டாக்டருக்குக் கிடைக்காத விமர்சனம் அதுதான். உங்களோடு பல காலம் நடந்த கேடி ஒருவர் இருந்தால், வாங்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எத்தனை விமர்சனம் படித்தாலும் உங்கள் வீச்சைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அதற்காக அதிக பவுன்ஸ் எப்போதும் வெல்லும் என்று சொல்ல வரவில்லை. தை முதல் பங்குனி வரை மழை இல்லாத நாட்களில் ஃபேர்வேயில் புல் மெலிந்து தரை இறுகிவிடும். அங்கே 14 பவுன்ஸ் தரையில் மோதி எம்பிப் பந்தின் நடுவில் விளிம்பால் அடிக்கும். அப்புறம் காட்டெருமைகள். அவை நிதானமாக ஃபேர்வேயைக் கடந்து போகிற அழகெல்லாம் சரி, ஈரத் தரையில் விட்டுப்போகும் குளம்புத் தடத்தில் பந்து உட்கார்ந்துகொண்டால் அழகு மறந்துபோகும். காட்டுப்பன்றி தோண்டிய குழி என்றால் விதிப்படி தண்டனை இல்லாமல் பந்தை எடுத்து வேறிடத்தில் போடலாம். குளம்புத் தடத்துக்கு, உள்ளூர் விதி ஒன்று இல்லாவிட்டால், அந்தச் சலுகை கிடையாது. அந்தத் தடத்திலிருந்து எடுக்கக் குறுகிய அடிப்பாகமும் குறைந்த பவுன்ஸும்தான் கைகொடுக்கும். டாக்டர் இதை எனக்கு அடிக்கடி நினைவூட்டுவார்.

முகத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை மட்டும் விமர்சனங்களில் தேடுங்கள். ஈரம். முகத்துக்கும் பந்துக்கும் நடுவில் தண்ணீர் புகுந்தால் பந்து பிடிப்பில்லாமல் முகத்தில் வழுக்கி மேலேறும். உயரமாகப் பறக்கும், சுழற்சி குறையும், விழுந்தபின் ஓடும். காய்ந்த நிலையில் ஒன்றுபோல இருக்கும் வெட்ஜ்கள் இங்கேதான் பிரிந்து தெரியும். கோடுகளுக்கு நடுவே நுண்ணிய கீறல்கள் உள்ளவை தண்ணீரை ஓரளவு சமாளிக்கும். ஊட்டியில் ஆனி, ஆடி முழுவதும், இங்கே ஐப்பசி, கார்த்திகையில், காலைப் பனியில் ஏறக்குறைய எந்த மாதமும் நாம் நனைந்த பந்தைத்தான் அடிக்கிறோம். தண்ணீர் தெளித்து அடித்துப் பார்த்தேன் என்று எழுதிய விமர்சகர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

பூச்சு இல்லாத இரும்பு வெட்ஜ்கள் துருப்பிடிக்கும், துரு பந்தைப் பிடித்துக்கொள்ளும் என்று சிலர் உற்சாகமாக எழுதுவார்கள். துருவால் குறிப்பிடும்படி சுழற்சி கூடுவதில்லை. நம் மூடுபனியில் அது துருப்பிடிக்க அதிக நாள் ஆகாது என்பது மட்டும் நிச்சயம். அழகு என்று நினைத்தால் வாங்குங்கள்.

‘கையில் மென்மையாக இருந்தது’ என்ற வரியை நான் தாண்டிப் போய்விடுவேன். அதில் பாதிக்கு மேல் பந்தும் சத்தமும். தூரக் கணக்கையும் அப்படியே. மலைக்காற்று மெலிந்தது என்பதால் நெடுந்தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையின் அடி நீளும், ஆனால் வெட்ஜ் போன்ற மெதுவான ஷாட்டில் அந்த லாபம் கொஞ்சம்தான். கிரீன் உங்களுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதே பெரிய கணக்கு.

என்னைக் கேட்டால், நீங்கள் மழைக்காலத்திலும் ஆடுகிறவர் என்பதால் 56 டிகிரி, 12 பவுன்ஸ், சற்று அகலமான அடிப்பாகம். மேலேயிருந்து கொத்துகிற வீச்சாக இருந்தால் 14. கோடையில் மட்டும் மலைக்கு வந்து ஆடுகிறவராக இருந்தால் 10 போதும். 60 டிகிரியை இப்போதைக்குத் தொடாதீர்கள். கிக்கியூவில் அது பந்துக்கடியில் புகுந்துகொள்ள இன்னும் சுலபமான மட்டை. விலை பத்தாயிரத்தைத் தாண்டும் என்பதால் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகும்போது ஒரு முறை கையில் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. முடிந்தால் பாய் மேல் அல்லாமல் புல்லில் அடித்துப் பாருங்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டீர்கள். புதிய அயர்ன் செட்டுகளில் (இரும்பு மட்டைத் தொகுப்புகளில்) கூடவே வரும் பிட்சிங் வெட்ஜ் 43, 44 டிகிரிக்கு இறங்கிவிட்டது. உங்களுடையதும் அப்படி என்றால் அதற்கும் 56க்கும் நடுவில் பெரிய இடைவெளி விழும். 50 டிகிரியில் ஒன்று தேவைப்படலாம். பையில் மொத்தம் 14 மட்டைகளுக்கு மேல் வைக்கக்கூடாது என்பதால் எதை வெளியேற்றுவது என்று பார்க்க வேண்டும். உங்கள் பிட்சிங் வெட்ஜின் லாஃப்ட் எவ்வளவு, பையில் என்னென்ன இருக்கின்றன என்று கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.