தூக்குக்குப் பதில் விஷ ஊசி போட்டால் மரண தண்டனை மனிதாபிமானமாகிவிடுமா?

புதுச்சேரியில் சட்டம் படிக்கும் தம்பி கேட்ட கேள்வி இது. ஆகாது என்பதுதான் என் பதில்.

உங்கள் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களும் இப்படி யோசித்துத்தான் 1792-ல் தலையை வெட்டும் கில்லட்டின் இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். ஒரே வெட்டு, வலி இருக்காது என்றார்கள். 1977 வரை அதைப் பயன்படுத்திவிட்டு, 1981-ல் மரண தண்டனையையே ஒழித்தார்கள்.

தூக்கில் கயிற்றின் நீளத்தைக் கைதியின் எடை பார்த்துக் கணக்கிடுகிறார்கள். குறைந்தால் கழுத்து முறியாமல் மூச்சுத் திணறிச் சாவார். கூடினால் தலையே துண்டாகலாம். இருந்தும் 1983-ல் உச்ச நீதிமன்றம் தூக்கு கொடூரமானதல்ல என்றது. 2003-ல் சட்ட ஆணையம் ஊசியையும் ஒரு வழியாகப் பரிந்துரைத்தது.

சரி, ஊசி மட்டும் சுலபமா? அமெரிக்காவின் அலபாமாவில் கென்னத் ஸ்மித் என்ற கைதிக்கு 2022-ல் நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்திப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். 2024 ஜனவரியில் நைட்ரஜன் வாயு கொடுத்துக் கொன்றார்கள். பல நிமிடங்கள் உடல் துடித்ததை நேரில் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

முறையை மாற்றினால் பார்ப்பவர் மனம்தான் கொஞ்சம் லேசாகும். சாகும் நாளை எதிர்பார்த்துக் கைதி ஆண்டுக்கணக்கில் தனி அறையில் கிடக்கிறாரே, அந்த வதையை எந்த ஊசியும் குறைக்காது. தீர்ப்பு தவறென்று பிறகு தெரிந்தாலும் உயிர் திரும்பாது.