அத்தை கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில்

கேள்வி: நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். 8 வயது மகளுக்கு, பேய் வேடம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்கப் போகும் ஹாலோவீன் பண்டிகை என்றால் உயிர். இந்த வருடம் தோழிகளை வீட்டுக்கு அழைத்திருக்கிறாள். ஹால் சுவர் முழுக்க வௌவால், எலும்புக்கூடு, சிலந்திவலை வேண்டுமாம். ஜனவரியில் மாமனார் காலமானதிலிருந்து அத்தை எங்களோடு இருக்கிறார். "வருஷம் திரும்பாத வீட்டில் பேய்ப் படமா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கணவர் வாயே திறப்பதில்லை. அந்தச் சுவரில் மாமனார் படம் மட்டும்தான் இருந்தது. அத்தை கோயிலுக்குப் போயிருந்தபோது கழற்றி அலமாரியில் வைத்தேன். மகள்தான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். குழந்தையின் ஆசைக்கும் பெரியவர் நம்பிக்கைக்கும் நடுவில் நான் என்ன செய்வது?

பதில்: அக்டோபர் பிறந்தால் இப்படி நாலைந்து கடிதம் வந்துவிடும். இந்தப் பண்டிகை நமக்கு ஆகுமா, ஆகாதா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். உங்கள் கடிதத்தில் அந்த ஸ்டூலைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

அத்தை கோயிலுக்குப் போகும்வரை ஏன் காத்திருந்தீர்கள் அம்மா? அவர் கண்ணெதிரே கழற்ற உங்களுக்குக் கை வந்திருக்காது. தப்பு என்று தெரிந்தேதான் செய்திருக்கிறீர்கள், அதுவும் பிள்ளையைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு. பாட்டி இல்லாத நேரம் பார்த்துத் தாத்தாவை இறக்கிவிடலாம் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தாயிற்று. காகித எலும்புக்கூட்டைப் பார்த்து எந்தப் பிள்ளையும் கெட்டுப்போவதில்லை. இதில் கெட்டுப்போகும்.

திரும்பி வந்த அத்தை வெறும் சுவரைப் பார்த்து என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவே இல்லை. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஊரை விட்டு, வீட்டை விட்டு மகனிடம் வந்து சேர்ந்தவருக்கு அந்த வீட்டில் தனக்கென்று இருந்தது அந்த ஒரு ஆணி. துக்க வருஷத்தில் தீபாவளிக்கே பலகாரம் சுடாத குடும்பங்கள் நம்முடையவை. அவர் மனசில் இருப்பதற்கு "நம்பிக்கை" என்று பேர் வைத்துவிட்டீர்கள். கணவர் போய் பத்து மாதம்கூட ஆகாத ஒரு பெண்ணின் துயரம் அது.

உங்கள் கணவருக்கும் சொல்கிறேன், இந்தப் பக்கத்தைப் பிரித்து அவர் கையில் கொடுங்கள். இறந்தது உங்கள் அப்பா. அவர் படம் அலமாரிக்குள் போன பிறகும் பேசாமல் இருப்பது பொறுமை ஆகாது ஐயா. அம்மாவையும் மனைவியையும் மோதவிட்டு ஒதுங்கி நிற்கிறீர்கள்.

சரி, ஹாலோவீனே வேண்டாம் என்கிறேனா? இல்லை. நம் ஊர் கிறிஸ்தவர்கள் நவம்பர் 2 அன்று கல்லறைத் திருநாள் கொண்டாடுகிறார்கள் அல்லவா? அதற்கு முந்தின நாள், நவம்பர் 1, புனிதர் எல்லோருக்குமான திருநாள். அதற்கும் முந்தின இரவுதான் ஹாலோவீன். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து, முகம் செதுக்கி, உள்ளே விளக்கு வைத்தார்கள், கெட்டது அண்டாமல் இருக்க. 19-ஆம் நூற்றாண்டில் பிழைப்புத் தேடி அமெரிக்கா வந்தவர்களோடு அந்த வழக்கமும் வந்து, கிழங்குக்குப் பதில் பரங்கிக்காய் ஆனது. கட்டுகிற வீட்டு முன்னால் கண்ணும் பல்லும் வரைந்து பூசணிக்காய் தொங்கவிடுகிற ஊரிலிருந்து வந்தவர் உங்கள் அத்தை. அவருக்கு இது புரியாதா? மெக்சிகோவில் இதே நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்களின் படத்தை நடுவீட்டில் வைத்து, செண்டுப்பூ சாத்தி, அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கிறார்கள். இறந்தவர்களை நினைக்கிற நாட்களுக்காக அவர்கள் படத்தை வெளியே எடுத்து வைக்கிறார்கள். நீங்கள் கழற்றியிருக்கிறீர்கள்.

மகளுக்கு வாசல் கதவையும் அதை ஒட்டிய சுவரையும் கொடுங்கள். மிட்டாய் கேட்டு வரும் பிள்ளைகள் அங்கேதானே நிற்பார்கள்? வௌவால்களைக் கறுப்புக் காகிதத்தில் அவளே வெட்டட்டும். பெயின்ட் அடிப்பவர்கள் பயன்படுத்தும் நீல டேப்பால் ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் சுவர்ப் பெயின்டை உரித்துக்கொண்டு வரும். பஞ்சு மாதிரி இழுத்துக் கட்டுகிற சிலந்திவலை வீட்டுக்குள் மட்டும் போதும், வெளியே கட்டினால் பறவைகள் சிக்கிக்கொள்கின்றன. பரங்கிக்காய்க்குள் மெழுகுவர்த்தி வேண்டாம், பக்கத்தில் காகிதம் இருக்கிறது. பேட்டரி விளக்கு வையுங்கள். முகம் வரைய அத்தையைக் கூப்பிடச் சொல்லுங்கள், பேத்தியே போய்க் கூப்பிடட்டும். வரவில்லை என்றால் வற்புறுத்தக் கூடாது.

இதெல்லாம் அப்புறம். இன்று சாயங்காலம் அத்தை வீட்டில் இருக்கும்போது, "கேட்காமல் எடுத்துவிட்டேன் அத்தை, தப்புதான்" என்று மகள் காதில் விழும்படி சொல்லுங்கள். உங்கள் கணவர் ஸ்டூலில் ஏறட்டும். மகள் அன்று மாதிரியே பிடித்துக்கொள்ளட்டும். மாட்டிய பிறகு, படம் நேராக இருக்கிறதா என்று அத்தையைக் கேளுங்கள்.