டாலர் எங்கே நிற்கிறது? வாசகர் கேள்வி - பதில்

யூடியூப், வலைத்தளம், வெளிநாட்டு விளம்பரதாரர் என வெளியிலிருந்து பணம் பெறும் வாசகர்களின் கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

யூடியூப் பணம் 412 டாலரை 22ஆம் தேதியே அனுப்பிவிட்டதாக ஆட்சென்ஸில் (விளம்பர வருமானத்தை வழங்கும் கூகுளின் சேவை) காட்டுகிறது. பத்து நாளாகியும் கணக்கில் ஏறவில்லை. கிளையில் கேட்டால், 'எங்களுக்கு எதுவும் வரலையே' என்கிறார்கள். (தேனி வாசகர்)

கிளையில் இருப்பவர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். வெளிநாட்டுப் பணம் நேராகக் கிளைக்கு வராது. முதலில் வங்கியின் அந்நியச் செலாவணி மையத்தில் இறங்கும். அங்கே பெயரும் கணக்கு எண்ணும் சரிபார்க்கப்பட்டு, என்ன காரணத்துக்காக வந்த பணம் என்று பதிவான பிறகுதான் ரூபாயாக மாறிக் கணக்கில் ஏறும். அந்த மேஜையில் நிற்கும் பணம் கிளையின் கணினியில் தெரியாது.

ஆட்சென்ஸில் பணப் பரிவர்த்தனைப் பக்கத்தைத் திறந்து, 22ஆம் தேதி வரியைத் தொட்டால் ரசீது வரும். அதை அச்செடுத்துக் கொண்டுபோய், 'அந்நியச் செலாவணிப் பிரிவின் மின்னஞ்சல் முகவரி கொடுங்கள்' என்று கேளுங்கள். தொகை, தேதி, கணக்கு எண், அனுப்பியவர் பெயர் ஆகிய நான்கையும் எழுதி அனுப்பினால் தேடி எடுத்துவிடுவார்கள். பணம் வந்த காரணத்தைக் கேட்டு உறுதிமொழிப் படிவம் அனுப்பியிருப்பார்கள். அது உங்கள் ஸ்பாம் பெட்டியில் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, வெளிநாட்டுப் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று காட்டும் ஸ்விஃப்ட் குறியீடு. ஆட்சென்ஸில் அதை எழுத வேண்டிய கட்டத்தில், உள்நாட்டுப் பரிமாற்றத்துக்கான கிளைக் குறியீடான ஐஎஃப்எஸ்சியை நிரப்பிவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. ஐஎஃப்எஸ்சியில் 11 எழுத்து, ஸ்விஃப்டில் 8 அல்லது 11. ஐந்தாவது இடத்தைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: அங்கே பூஜ்யம் இருந்தால் ஐஎஃப்எஸ்சி, ஐந்தாவதும் ஆறாவதும் சேர்ந்து இந்தியாவைக் குறிக்கும் 'ஐ', 'என்' எழுத்துகளாக இருந்தால் ஸ்விஃப்ட். எல்லாக் கிளைக்கும் தனி ஸ்விஃப்ட் கிடையாது. இல்லாவிட்டால் எந்தக் கிளையின் குறியீட்டைப் போட வேண்டும் என்று வங்கியிடமே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் திரும்பிப் போயிருந்தால் பயப்பட வேண்டாம். ஆட்சென்ஸ் இருப்பிலேயே மறுபடி சேர்ந்து, கணக்கில் நிறுத்திவைப்பு விழுந்திருக்கும். வங்கி விவரத்தைத் திருத்தி, 20ஆம் தேதிக்கு முன் நிறுத்திவைப்பை நீக்கினால் அந்த மாதமே 21 முதல் 26க்குள் மீண்டும் கிளம்பும்.

பணம் வந்தது, ஆனால் கூகுளில் பார்த்த டாலர் விலைக்குக் கணக்குப் போட்டால் குறைகிறது. யார் எடுக்கிறார்கள்? (ஈரோடு வாசகர்)

மூன்று பேர் எடுக்கலாம். நடுவில் கைமாற்றும் வெளிநாட்டு வங்கி ஒரு தொகையைப் பிடிக்கலாம். உங்கள் வங்கி, வந்த டாலரைத் தான் வாங்கிக்கொள்ளும் 'டிடி பையிங்' விலையில்தான் மாற்றும். இணையத்தில் தெரியும் விலை அதுவல்ல. மூன்றாவது ஜிஎஸ்டி. 1 லட்சம் ரூபாய் வரை மாற்றினால் அதில் 1 சதவீதத்தை, குறைந்தது 250 ரூபாயை, சேவை மதிப்பாக வைத்து அதற்கு 18 சதவீதம் வரி. 34,000 ரூபாய் வந்தால் 340 ரூபாய்க்கு 61 ரூபாய் 20 காசு. எவ்வளவு சின்னத் தொகை வந்தாலும் 45 ரூபாய் போகும். வரி எல்லா வங்கியிலும் ஒன்றே, விலைதான் வேறுபடும். பேரம் பேசுவதென்றால் அங்கே பேசுங்கள்.

பான் கார்டில் அப்பா பெயரும் சேர்ந்து முழுப்பெயர், பாஸ்புக்கில் இனிஷியல், ஆட்சென்ஸில் சேனல் பெயர். சிக்கல் வருமா? (திருநெல்வேலி வாசகி)

வரும். நம் ஊரில் இனிஷியல் போடும் பழக்கம் வெளிநாட்டுப் படிவங்களுக்குப் புரியாது. பான் கார்டில் 'கவிதா சண்முகம்', பாஸ்புக்கில் 'எஸ். கவிதா' என்று இருந்தால் இயந்திரத்துக்கு இருவரும் வேறு வேறு ஆள். சேனல் பெயரைப் பணம் பெறுபவர் பெயராகப் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். வங்கிக் கணக்கைப் பான் கார்டுக்கு ஏற்ப மாற்றுவதுதான் எளிது. பான், ஆதார் நகல்களோடு கிளையில் ஒரு விண்ணப்பம் கொடுத்தால் போதும். அதன் பிறகு ஆட்சென்ஸ், கடைசியாக அமெரிக்க வரிப் படிவம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். வரிப் படிவத்தை முதலில் அனுப்பிவிட்டுப் பெயரை மாற்றினால் அது 'பரிசீலனையில்' என்று தொங்கி, மறுபடி அடையாளச் சான்று கேட்கும்.

அமெரிக்காவில் எனக்குப் பார்வையாளர்கள் கொஞ்சம்தான். ஏன் வருமானத்தில் 24 சதவீதம் பிடிக்கிறார்கள்? (கரூர் வாசகர்)

வரிப் படிவம் கொடுக்காததால். தனிநபர் கணக்கில் அது இல்லையென்றால் அமெரிக்கப் பங்கு மட்டுமல்ல, உலகம் முழுவதிலிருந்தும் வந்த மொத்த வருமானத்தில் 24 சதவீதம் பிடிப்பார்கள். மாதம் 1,000 டாலர், அதில் அமெரிக்கப் பார்வையாளர்களிடமிருந்து 100 டாலர் என்று வையுங்கள். படிவம் இல்லையென்றால் 240 டாலர் போகும். இந்திய - அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 12ஆவது பிரிவைக் காட்டி 15 சதவீதம் கோரினால், அந்த 100க்கு மட்டும் 15 டாலர்.

படிவத்தின் பெயர் டபிள்யூ-8பென். வெளிநாட்டு வரி எண் கேட்கும் இடத்தில் பான் எண். காப்புரிமை வருமானம் பற்றிய வரிகளில் ஒப்பந்த விகிதம் 15 சதவீதத்தைத் தேர்ந்தெடுங்கள்; வேலை முழுதும் இந்தியாவிலேயே நடக்கிறதென்றால், அமெரிக்காவில் பணி எதுவும் இல்லை என்றும் குறியுங்கள். அதே காலண்டர் ஆண்டுக்குள் கொடுத்துவிட்டால் அதிகம் பிடித்தது திரும்ப வர வாய்ப்புண்டு; ஆண்டு மாறினால் கஷ்டம். கையெழுத்திட்ட ஆண்டும் அடுத்த மூன்று ஆண்டுகளும்தான் படிவம் செல்லும். 2023இல் போட்டது 2026 டிசம்பர் 31உடன் முடிகிறது.

அந்த 15 டாலரைப் பிடித்ததற்கான சான்று 1042-எஸ் என்ற படிவமாக ஆட்சென்ஸில் வரும். இங்கே வருமான வரிக் கணக்கில் கைக்கு வந்த 985ஐ அல்ல, 1,000ஐயே வருமானமாகக் காட்டி, பிடித்த வரிக்குக் கழிவு கேட்க வேண்டும்.

முகவரியைச் சரிபார்க்க கூகுள் அனுப்பும் 'பின்' எண் கடிதம் வரவே இல்லை. (சிவகங்கை வாசகர்)

இருப்பு 10 டாலரைத் தொட்டதும் சாதாரணத் தபாலில் அனுப்புவார்கள். கண்காணிப்பு எண் கிடையாது. இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முகவரியில் பழைய எண், புதிய எண் இரண்டையும், கிராமமென்றால் அஞ்சல் நிலையத்தின் பெயரையும் சேருங்கள். தபால்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதும் பலன் தரும். நான்கு மாதத்துக்குள் அந்த எண்ணைப் பதியாவிட்டால் வருமானம் நின்றுவிடும். கடிதங்கள் வராமலே போனால் அடையாள அட்டையைப் பதிவேற்றும் வழி திறக்கும். (தபால் குறியீட்டையே 'பின்' என்று நினைத்து அடித்துவிட்டுப் புலம்புகிறவர்கள் உண்டு. இரண்டுமே ஆறு இலக்கம், பாவம் யார் குற்றம்!)

வெளிநாட்டு நிறுவனம் ஒன்று விளம்பர வீடியோவுக்கு, டாலர் மதிப்பை ஒட்டிய யுஎஸ்டிடி கிரிப்டோவில் தருகிறேன் என்கிறது. வாங்கலாமா? ஆண்டு வருமானம் 14 லட்சம். ஜிஎஸ்டி வேண்டுமா? (கோவை வாசகி)

வாங்காதீர்கள். கிரிப்டோ அந்நியச் செலாவணி ஆகாது; நாளை ஏற்றுமதி என்று காட்ட வங்கிச் சான்று கிடைக்காது. அதை விற்று ரூபாயாக்கும்போது வாங்குகிறவர் யாரோ ஒருவர். அவர் அனுப்புவது மோசடிப் பணமாக இருந்தால் சைபர் கிரைம் புகாரில் உங்கள் வங்கிக் கணக்கு முடங்கும். வங்கி வழியாக டாலரில் அனுப்பச் சொல்லுங்கள்.

ஜிஎஸ்டி பதிவுக்கான 20 லட்ச வரம்பில் வெளிநாட்டு வருமானமும் சேரும். உள்நாடு, வெளிநாடு எல்லாம் கூட்டி 14 லட்சம் என்றால் இப்போது வேண்டாம். தாண்டினால் பதிவு செய்து, ஒவ்வொரு நிதியாண்டும், வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான எல்யூடி உறுதிமொழி கொடுங்கள். ஏற்றுமதிச் சேவைக்கு வரி பூஜ்யம். உள்ளூர் விளம்பரதாரருக்கு 18 சதவீதம் போட்டாக வேண்டும்.

அதற்கெல்லாம் ஆதாரம் வங்கி தரும் வரவுச் சான்று. அதில் காரணக் குறியீட்டைக் கட்டாயம் பாருங்கள். விளம்பரச் சேவைக்கு பி1007. கவுன்டரில் கை பழக்கத்தில் பி1301 போட்டுவிடுவார்கள். அது வெளிநாட்டில் இருப்பவர் குடும்பச் செலவுக்கு அனுப்பும் பணத்துக்கான எண். வந்த வாரமே எழுதிக் கொடுத்தால் திருத்துவது சுலபம். வரிக் கணக்கு போடும் மாதத்தில் கேட்டால் அலைய விடுவார்கள்.