‘குணமாகிவிட்டார்’ என்று யார் சொன்னது? பேஸ் ஆய்வு பற்றிக் கேள்வி பதில்

நாட்பட்ட களைப்பு நோய் உள்ள நம்முடைய போன கூட்டத்தில், இந்த நோய்க்கான சிகிச்சைகளைச் சோதித்த பேஸ் ஆய்வு என்று ஆரம்பித்துவிட்டு, மூச்சு வாங்கியதால் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதனால் இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: நான் டாக்டர் இல்லை. கடலூரில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்திக்கொண்டிருந்தேன். 2013ல் வந்த ஒரு காய்ச்சல் போனது, களைப்பு போகவில்லை. வேலையை விட்டு இப்போது புதுச்சேரியில் அக்கா வீட்டோடு இருக்கிறேன். நாலைந்து நாளாகப் படுத்துக்கொண்டே எழுதிய பதில்கள் இவை.

செல்வி, ரெட்டியார்பாளையம்: அந்த ஆய்வுல என்னதான் பண்ணாங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்கக்கா.

நமக்கிருக்கும் இந்த நாட்பட்ட களைப்பு நோய்க்கு எம்.இ., சி.எஃப்.எஸ். என்று இரண்டு பெயர் உண்டு. இங்கிலாந்தில் இந்த நோய் இருந்த 641 பேரை நாலு குழுவாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் வழக்கமான மருத்துவம் உண்டு. அதோடு ஒரு குழுவுக்குச் சிபிடி என்கிற பேச்சு சிகிச்சை, இன்னொன்றுக்கு ஜிஇடி, அதாவது உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போவது, மூன்றாவதற்குச் சக்திக்கு ஏற்ப வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை. நாலாவது குழுவுக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். செலவு சுமார் 50 லட்சம் பவுண்டு, அரசுப் பணம். 2011ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது: சிபிடியும் ஜிஇடியும் பலன் தருகின்றன. 2013ல் வந்த அடுத்த கட்டுரை, அந்த இரண்டு குழுவிலும் 22 சதவீதம் பேர் குணமடைந்தார்கள் என்றது.

‘எல்லாம் மனசுதாம்மா, காலையில பீச் ரோட்டுல நடங்க’ என்று எனக்குச் சொன்ன டாக்டர் இதையெல்லாம் படித்திருந்தாரா, தெரியாது. நடந்தேன். அன்றைக்கு ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலை காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் தூக்க முடிந்தது.

ராஜசேகர், நெய்வேலி: குணமானதற்கான அளவுகோலை நடுவில் மாற்றினார்கள் என்று போன கூட்டத்தில் சொன்னீர்கள். நடுவில் சின்னச் சின்னத் திருத்தம் எல்லா ஆய்விலும் உண்டுதானே? இதில் என்ன பெரிய தப்பு?

திருத்தம் உண்டு, சரி. எதைத் திருத்தினார்கள் என்று பாருங்கள்.

உடல் இயக்கத்தை அளக்க ஒரு படிவம் உண்டு. பத்துக் கேள்வி. மளிகைப் பை தூக்க முடிகிறதா, மாடி ஏற முடிகிறதா, குனிய முடிகிறதா, நீங்களே குளித்து உடுத்திக்கொள்ள முடிகிறதா, இப்படி. ‘மிகவும் சிரமம்’ என்றால் 0, ‘கொஞ்சம் சிரமம்’ என்றால் 5, ‘சிரமமே இல்லை’ என்றால் 10. மொத்தம் 100. நான் போட்டுப் பார்த்தேன்: குளிப்பதற்கு 10, மளிகைப் பைக்கு 5, ஒரு மாடி ஏற 5, குனிய 5, இரண்டு சின்ன நடைக்கும் ஐந்தைந்து, மீதி நாலும் பூஜ்யம். 35 வந்தது.

இந்த ஆய்வில் சேர 65 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். குணமானதாகக் கணக்கில் வர 85 வேண்டும் என்று முதலில் எழுதி வைத்தார்கள். அப்புறம் அது 60 ஆனது. இப்போது கணக்குப் போடுங்கள். 65ல் உள்ளே வந்த ஒருவர் ஒரு வருஷம் சிகிச்சை எடுத்து 60க்கு இறங்கிவிட்டால், குணமானதற்கான இந்த நிபந்தனையில் அவர் பாஸ். வேறு நிபந்தனைகளும் இருந்தன என்பது உண்மை, அவற்றையும் தளர்த்தினார்கள். உள்ளே வரும்போதே, உடல் இயக்கம், களைப்பு இரண்டில் ஏதாவது ஒன்றில் ‘குணமான’ அளவைத் தொட்டிருந்தவர்கள் 13 சதவீதம்.

60 எங்கிருந்து வந்தது? பொதுமக்களிடம் எடுத்த ஒரு கணக்கில் சராசரி 84, திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு, 24. எண்பத்து நாலில் இருபத்து நாலு போனால் அறுபது. மாணவர் யாராவது இப்படிக் கழித்துக் கொண்டுவந்தால் பேப்பரைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். ஆரோக்கியமானவர்களில் பெரும்பாலோர் 90, 95, 100 என்று மேலே குவிந்திருப்பார்கள். வயதானவர்களும் ஏற்கெனவே நோயாளியாக இருப்பவர்களும்தான் சராசரியைக் கீழே இழுப்பவர்கள். சமச்சீராகப் பரவாத கூட்டத்தில் சராசரியிலிருந்து திட்ட விலக்கத்தைக் கழித்து ‘இயல்பு’ என்று கோடு கிழிக்கக் கூடாது.

85 மிகவும் கறாரான அளவு, அதனால்தான் மாற்றினோம் என்பது ஆய்வாளர்களின் பதில். இன்று வரை அவர்கள் தங்கள் முடிவிலிருந்து பின்வாங்கவில்லை. லான்செட்டும் கட்டுரையைத் திரும்பப் பெறவில்லை. இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஃபாத்திமா, கடலூர் முதுநகர்: இதையெல்லாம் யாரு கண்டுபிடிச்சாங்க? பெரிய டாக்டருங்களா?

நம்மைப் போன்ற நோயாளிகள்தான் முதலில். ஆஸ்திரேலியாவில் அலெம் மேதீஸ் என்று ஒரு நோயாளி. 2014 மார்ச்சில், ஆய்வை நடத்திய லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்திடம் தகவல் சட்டத்தின் கீழ் ஆய்வின் எண்களைக் கேட்டார். பெயர், அடையாளம் எதுவும் வேண்டாம், எண்கள் போதும் என்றார். மறுத்தார்கள். 2015 அக்டோபரில் தகவல் ஆணையர் கொடுக்கச் சொன்னார். பல்கலைக்கழகம் தீர்ப்பாயத்துக்குப் போனது. வக்கீல் செலவு மட்டும் 2 லட்சம் பவுண்டுக்கு மேல். 2016 ஆகஸ்டில் தீர்ப்பாயமும் கொடுக்கச் சொல்லிவிட்டது. நோயாளிகள் மிரட்டுகிறார்கள் என்ற பல்கலைக்கழகத்தின் வாதத்தை மிகைப்படுத்தல் என்று ஒதுக்கியது. அதற்கு இருந்த சாட்சி, ஒரு கருத்தரங்கில் யாரோ குறுக்கே கத்தினார் என்பதுதான்!

எண்கள் வந்ததும், நோயாளிகளும் சில ஆய்வாளர்களும் சேர்ந்து, முதலில் எழுதி வைத்த அளவுகோலையே வைத்துத் திரும்பக் கணக்கிட்டார்கள். 22 சதவீதம் என்றிருந்தது சிபிடிக்கு 7, ஜிஇடிக்கு 4 ஆனது. வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களில் 3. இந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடிய அளவுதான்.

இதற்கு மேதீஸ் கொடுத்த விலை அதிகம். அந்த வழக்குக்குப் பிறகு அவர் உடல்நிலை மோசமாகிப் படுக்கையோடு கிடந்தார். நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெயர் வேண்டாம், லாஸ்பேட்டை: டேவிட் டல்லர் என்பவருக்கு நோயாளிகளே பணம் திரட்டிக் கொடுக்கிறார்களாமே. காசு வாங்கிக்கொண்டு எழுதுவது எப்படிச் சுதந்திரமான பரிசீலனை ஆகும்?

நல்ல கேள்வி, எனக்கும் இருந்தது. டல்லர் பத்திரிகையாளர், பொதுச் சுகாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்தவர். 2015ல் இந்த ஆய்வின் குறைகளை நீளமாக எழுதினார். பிறகு அவர் தொடர்ந்து எழுத, பல நாட்டு நோயாளிகள் சிறு தொகைகளாகப் பல்கலைக்கழகத்தின் வழியே பணம் கொடுத்தார்கள். யார் பணம் என்பது திறந்த ரகசியம்கூட இல்லை, அவரே சொல்கிறார். ஆய்வாளர்கள் சிலரும் காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஆலோசனை சொன்னவர்கள், அதை அவர்களும் கட்டுரையில் அறிவித்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சார்பு இருக்கலாம். ஆனால் 65க்கும் 60க்கும் எது பெரியது என்பது யார் காசு கொடுத்தாலும் மாறாது. அவரைப் பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், படிவத்தை எடுத்து நீங்களே கூட்டிப் பாருங்கள்.

அவர் நடை எனக்குச் சில சமயம் காரமாகத்தான் படும். அது வேறு.

குமரன், திருப்பாதிரிப்புலியூர்: அப்ப தடுப்பூசி ஆய்வெல்லாமும் இப்படித்தான் பொய்யா?

இல்லை தம்பி. இந்தத் தாவல்தான் எனக்குக் கவலை. 1998ல் அதே லான்செட்டில், 12 குழந்தைகளை வைத்து, எம்எம்ஆர் தடுப்பூசியால் ஆட்டிசம் வருமோ என்று பயம் கிளப்பிய கட்டுரை வந்தது. அதைத் தோண்டி எடுத்தவரும் டாக்டர் இல்லை, பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர். 2010ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஆவணத்தைக் கேட்டு, எண்ணைச் சரிபார்க்கும் அதே வேலைதான், அங்கே தடுப்பூசிக்கு எதிரான கட்டுரை விழுந்தது. முடிவை முதலிலேயே வைத்துக்கொண்டு தேடுகிறவருக்கு இந்த வேலை ஒத்துவராது.

மீனாட்சி, பண்ருட்டி: எங்கம்மாவுக்குச் சுகர். நடக்கச் சொல்லியிருக்காங்க. நிறுத்திடலாமா?

நிறுத்தாதீர்கள்! சர்க்கரைக்கு நடை நல்லது. நான் சொல்வது, சின்ன உழைப்புக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் கழித்து உடம்பு அடியோடு சரியும் நோயைப் பற்றி மட்டும். இந்த நோய்க்கு ஜிஇடி தரக் கூடாது என்று மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பே 2021 அக்டோபரில் வழிகாட்டியை மாற்றியது. சிபிடியையும் நோயைக் குணமாக்கும் சிகிச்சையாகச் சொல்லவில்லை, துணையாக மட்டும் வைத்திருக்கிறது. உங்கள் அம்மாவின் டாக்டர் சொன்னது வேறு கணக்கு.

ராஜசேகர், நெய்வேலி (மறுபடியும்): நம் ஊரில் நடக்கும் ஆய்வை நாம் இப்படிப் பார்க்க முடியுமா?

முடியும். மருந்து, சிகிச்சை ஆய்வுகளைப் பதிவு செய்ய இந்தியாவில் 2007 முதல் சிடிஆர்ஐ என்ற பதிவேடு இருக்கிறது. உங்களைச் சேரச் சொன்னால் பதிவு எண்ணைக் கேளுங்கள். அதில் ‘முதன்மை அளவீடு’ என்ற இடத்தில் எழுதியிருப்பதைத் தேதியோடு இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். முடிவு வரும் நாளில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அரசு நிறுவனம் என்றால் தகவல் உரிமைச் சட்டம் உண்டு. மத்திய அரசு நிறுவனத்துக்குக் கட்டணம் 10 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. ‘எல்லா விவரமும் கொடுங்கள்’ என்று எழுதினால் மறுப்பது சுலபம். ‘ஆய்வு நெறிமுறையின் முதல் பிரதி, திருத்தங்கள், அவற்றின் தேதிகள்’ என்று மூன்றே வரி எழுதுங்கள். நோயாளிகளின் பெயர் வேண்டாம் என்று நீங்களே முந்திக்கொண்டு எழுதிவிடுங்கள்.

கட்டணத்துக்கு வைக்கும் போஸ்டல் ஆர்டரில் ‘அக்கவுண்ட்ஸ் ஆபீசர்’ என்று எழுத மறக்காதீர்கள். என் முதல் மனு அதற்காகவே திரும்பி வந்தது.