எபேர் என்ற பெயரும் எபேர் குடும்பமும்

வணக்கம் ஐயா,

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். மொன்றியலுக்கு வந்து இருபது வருடமாகிறது. என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவரின் குடும்பப் பெயர் எபேர். கியூபெக்கில் முதன்முதலில் ஏர் பூட்டி உழுத லூயி எபேரின் பன்னிரண்டாவது தலைமுறை தான் என்று பெருமையாகச் சொல்வார். பெயரே அதற்குச் சாட்சி என்பது அவர் வாதம். எனக்கோ அப்பப்பாவின் தகப்பனுக்கு மேல் ஒரு பெயரும் தெரியாது. நானூறு வருடத்து வம்சத்தை ஒரு சாதாரணக் குடும்பத்து மனிதர் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியுமா? பழைய குடும்பங்களைப் பற்றி நீங்கள் அடிக்கடி எழுதுவதால் கேட்கிறேன்.

க., மொன்றியல்

அன்புள்ள க.,

உங்கள் நண்பர் லூயி எபேரின் வழியில் வந்தவராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால் அவருடைய எபேர் என்ற பெயர் அந்த லூயியிடமிருந்து வந்திருக்க முடியாது. லூயியின் ஆண்வழி 17ஆம் நூற்றாண்டிலேயே முடிந்துவிட்டது.

லூயி எபேர் பாரிஸ்காரர். அவர் அப்பாவைப் போலவே மருந்து தயாரித்து விற்பவர். 1606இலேயே கடல் கடந்து, அக்காடியாவின் (இன்றைய நோவா ஸ்கோஷியா பக்கம் இருந்த பிரெஞ்சுக் குடியேற்றம்) போர்-ரொயாலில் இருந்து பார்த்தவர். 1617இல் கியூபெக்கை நிறுவிய சாம்ப்ளேன் அவரை அங்கே அழைத்தபோது பாரிஸ் வீட்டை விற்றுவிட்டு, மனைவி மரி ரோலேயையும் ஆன், கியோமெத், கியோம் என்ற மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஓன்ஃப்ளோர் துறைமுகத்துக்குப் போனார். ஆண்டுக்கு 200 எக்கூ (அந்தக் காலப் பிரெஞ்சு நாணயம்) தருவதாகச் சொல்லியிருந்த வணிகக் கம்பெனி, கப்பல் ஏறும் இடத்தில் வைத்து 100தான் என்றது. வீட்டை விற்றாயிற்று, திரும்பிப் போக இடமில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு ஏறினார். அந்த இடத்தில் மரி ரோலே என்ன நினைத்திருப்பார் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். எந்தக் காகிதத்திலும் அது இல்லை.

ஏர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லூயி பத்து வருடம் கைக்கருவிகளால்தான் அந்த நிலத்தைக் கொத்திப் பண்படுத்தினார். பனிக்கட்டியில் சறுக்கி விழுந்து, 1627 ஜனவரியில் இறந்தார். மாடு பூட்டிய ஏர் அந்த மண்ணில் முதலில் ஓடியது அடுத்த வருடம், 1628 ஏப்ரலில். ஓட்டியவர் அவருடைய மருமகன் கியோம் கூயார்.

இனி வம்சம். மூத்த மகள் ஆன் 1618இல் கல்யாணமாகி, அடுத்த வருடமே பிரசவத்தில் இறந்துபோனார். ஒரே மகன் கியோம் 1634இல் எலென் தெபோர்த்தை மணந்து 1639இல் இறந்தார். அவருடைய மகன் ஜோசெஃப் 1660இல் கல்யாணம் செய்துகொண்டார். கொஞ்ச நாளிலேயே இரோக்குவா என்ற பூர்வகுடியினரிடம் சிறைப்பட்டு உயிரிழந்தார். ஜோசெஃபுக்குப் பிறந்த ஒரே பையனும் வயதுக்கு வரும் முன்பே போய்விட்டான். லூயியிடமிருந்து வந்த எபேர் என்ற பெயர் அதோடு நின்றது.

குடும்பம் நிற்கவில்லை. இரண்டாவது மகள் கியோமெத் 1621 ஆகஸ்ட் 26 அன்று கியோம் கூயாரை மணந்தார். பத்துப் பிள்ளைகள். அவர் 1684இல் இறந்தபோது பிள்ளை, பேரன், பேத்தி, கொள்ளுப்பேரன் என்று 250 பேருக்கு மேல் இருந்தார்கள். அவர் தம்பியின் மகள் ஃபிரான்சுவாஸ், கியோம் ஃபூர்னியேவை மணந்து இன்னொரு பெரிய கிளைக்குத் தாயானார். இன்று லூயியின் வழி என்று ஆவணத்தோடு சொல்லக்கூடிய எல்லோரும் இந்த இரண்டு பெண்கள் வழியாக வந்தவர்கள்தான். அவர்கள் கூயார், ஃபூர்னியே, கியோன் என்று எந்தப் பெயரிலும் இருக்கலாம்.

அப்படியானால் இப்போது கியூபெக்கில் உள்ள எபேர்கள் யார்? வேறு எபேர்கள். மொன்றியல் ஊர் உருவான 1640களிலேயே அங்கே ஓகுஸ்தான் எபேர் என்று ஒருவர் இருந்தார். அக்காடியாவில் எதியேன், அந்துவான் என்ற எபேர் சகோதரர்கள் குடியேறினார்கள். 1755இல் ஆங்கிலேயர் அக்காடியர்களை ஊரைவிட்டு விரட்டிய பிறகு, அந்த வம்சத்தவர் பலர் கியூபெக் வந்து சேர்ந்தார்கள். லூயியும் போர்-ரொயாலில் இருந்தவர் என்பதால் எல்லோரையும் ஒரே கொத்தாக நினைத்துக்கொள்வது எளிது. அந்தச் சகோதரர்கள் லூயிக்கு உறவு என்று காட்ட ஒரு ஆவணமும் இல்லை.

சரி, இதையெல்லாம் இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்ல முடிகிறது என்பதுதான் உங்கள் கேள்வி. கியூபெக்கின் கத்தோலிக்கத் திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் அப்பா அம்மா பெயரையும் எழுதுவார்கள். உங்கள் நண்பர் தன் பெற்றோரின் திருமணப் பதிவை எடுத்தால் நான்கு பெயர் கிடைக்கும். அந்தப் பெயர்களை வைத்துத் தாத்தா பாட்டியின் கல்யாணத்தைத் தேடலாம். இப்படி ஒரு வழியில் பத்துப் பன்னிரண்டு திருமணப் பதிவுகள் கிடைத்தால் 1621க்குப் போய்விடலாம். மொன்றியல் பல்கலைக்கழகத்தில் 1966இல் தொடங்கிய ஒரு ஆய்வுத் திட்டம், 1800க்கு முந்தைய ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று கிட்டத்தட்ட 7 லட்சம் பதிவுகளை இப்படிக் குடும்பம் குடும்பமாகக் கோத்து வைத்திருக்கிறது.

அந்தப் பதிவேடுகளில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கல்யாணமான பெண்ணையும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதியிருப்பது. கியோமெத் சாகும்வரை கியோமெத் எபேர்தான். நம் வீடுகளில் கல்யாணமானதும் பெண்ணின் இனிஷியல் மாறிவிடுகிறது. இரண்டு தலைமுறை போனால் பாட்டியின் அப்பா பெயரைச் சொல்ல ஆளில்லை. அங்கே தாய்வழியில் எத்தனை படி ஏறினாலும் நூல் அறுவதில்லை. அந்த வழக்கம் மட்டும் இல்லாதிருந்தால் லூயி எபேருக்கு இன்று வாரிசே இல்லை என்று எழுதியிருப்பார்கள்.

காகிதங்களும் சுலபமாகப் பிழைத்துவிடவில்லை. 1640 ஜூனில் கியூபெக் தேவாலயம் எரிந்தபோது பதிவேடுகளும் எரிந்தன. ஊரில் இருந்தவர்கள் தங்கள் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, 1621 முதலான பதிவுகளைத் திரும்ப எழுதினார்கள். கியோமெத்தின் கல்யாணப் பதிவு அப்படி மறுபடி எழுதப்பட்டதுதான். இன்று கியூபெக்கில் எஞ்சியுள்ள மிகப் பழைய திருமணப் பதிவும் அதுவே. பாரிஸில் இன்னும் மோசம். அங்கே தேவாலயப் பங்குப் பதிவேடுகளின் இரண்டு பிரதிகளை இரண்டு கட்டடங்களில் வைத்திருந்தார்கள், 1871 மே மாதக் கலவரத்தில் இரண்டு கட்டடமும் எரிந்தன. லூயி பிறந்த தேதி நமக்குக் கிடைக்காமல் போனது அதனால்தான். அவருடைய அப்பா நிக்கோலா, அம்மா ஜாக்லீன் பாஜோ என்பதெல்லாம் நோட்டரிகளின் பத்திரங்கள் தப்பியதால் தெரியவந்தவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வம்சப் படம் வரைபவர்கள் விட்டுவிடும் விஷயம். 1629இல் ஆங்கிலேயர் தரப்பில் வந்த கிர்க் சகோதரர்கள் கியூபெக்கைப் பிடித்தபோது சாம்ப்ளேன் உட்படப் பெரும்பாலானவர்கள் கப்பலேறிவிட்டார்கள். இந்தக் குடும்பம் நிலத்தை விட்டுப் போகவில்லை. சாம்ப்ளேன் வளர்த்துவந்த இன்னு என்ற பூர்வகுடிச் சிறுமிகள் இருவரைக் கூட்டிப்போக அனுமதி கிடைக்கவில்லை. அவர்கள் கூயார் வீட்டில் விடப்பட்டார்கள். கிர்க்குகளோடு வந்த ஒரு ஆப்பிரிக்கச் சிறுவனை அங்கேயே விற்றார்கள், பிறகு அவனும் அதே வீட்டுக்கு வந்து சேர்ந்தான். 1633இல் ஞானஸ்நானம் கொடுத்து ஒலிவியே என்று பெயர் வைத்தார்கள். பாடம் சொல்லிக்கொடுத்த பாதிரியாரின் பெயரைச் சேர்த்து ஒலிவியே லெ ஜூன் ஆனான். 1654இல் இறந்தபோது அடக்கப் பதிவில் வேலையாள் என்று எழுதினார்கள். அவனுடைய அப்பா அம்மா பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. கியோமெத்தின் பிள்ளைகள் பத்துப் பேருக்கும் இத்தனை காகிதம் இருக்கும்போது, அதே கூரையின் கீழ் வளர்ந்த அவனுக்கு இரண்டே வரி இருப்பது எனக்குத் தாங்கவில்லை. எபேர் குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது ஒலிவியேவையும் சேர்த்தே பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

உங்கள் நண்பரிடம் பெயரை விட்டுவிட்டு அவருடைய அம்மா வழியிலிருந்து தேடச் சொல்லுங்கள். அம்மாவின் அம்மா, அப்பாவின் அம்மா என்று போகட்டும். ஒரு இடத்தில் கூயார் அல்லது ஃபூர்னியே என்ற பெயர் வந்தால் மறக்காமல் எனக்கு எழுதுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளிலும் அது வரலாம். 1666 கணக்கெடுப்பில் அந்தக் காலனியில் இருந்தவர்களே 3,215 பேர்தான், சுற்றிச் சுற்றி அவர்களுக்குள்ளேயே கல்யாணம் நடந்திருக்கிறது.

அன்புடன்.