சூபாபுல் தழையால் குட்டிகளுக்கு முடி உதிர்தல்

நான்கு மாத ஆட்டுக்குட்டிகளுக்குச் சூபாபுல் என்ற தீவன மரத்தின் தழையை மட்டுமே போடுகிறீர்கள், அவற்றுக்கு முடி உதிர்கிறது, எடையும் ஏறவில்லை என்கிறீர்கள். அப்படிப் போடுவதை உடனே நிறுத்துங்கள். மீண்டும் தொடங்கும்போது மொத்தத் தீவனத்தில் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

நீங்கள் சொல்லும் முடி உதிர்தலுக்கும் எடை ஏறாமைக்கும் பெரும்பாலும் அந்தத் தழையிலுள்ள மைமோசின் என்ற நச்சே காரணம். இளந்தளிரில் அது மிகுதி. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் அது சிதைந்து உருவாகும் பொருள் தைராய்டு சுரப்பியையும் பாதிக்கும். புரதம் நிறைந்த நல்ல தழைதான், அளவுதான் முக்கியம்.

சில வாரங்களுக்குச் சோளத்தட்டையுடன் அகத்தித் தழையோ கிளைரிசிடியா என்ற மரத்தின் தழையோ கலந்து கொடுத்து, புதுமுடி முளைக்கிறதா என்று பாருங்கள். கிளைரிசிடியாவின் வாடை பிடிக்காமல் குட்டிகள் முதலில் ஒதுக்கலாம். வாட வைத்துப் போட்டால் பழகிவிடும்.

குட்டிகள் உடலைச் சுவரில் தேய்த்துக்கொண்டே இருந்தால் சொறி உண்ணியாக இருக்கலாம். தாடைக்கடியில் வீக்கமும் கண்ணிமையின் உட்புறத்தில் வெளிறலும் தெரிந்தால் குடற்புழுவைச் சந்தேகித்து, தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.